நெருப்பும் நெடுமரமும்

டில்லி, லக்னோ, டேராடூன் முதலிய வடநாட்டு நகரங்களில் குடியேறி வாழும் நம் தமிழ் மக்களுள் பலர், கோடை பிறந்ததும் வெயிலுக்கு அஞ்சி நைனிடாலுக்கோ அல்மோராவுக்கோ முசௌரிக்கோ சென்று சில நாள் தங்கி வருவது வழக்கம். அவ்வாறு சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருக்கக்கூடும். பகலில் மலைகளின் மீது மூடுபனி போல் ஏதோ கவிந்து நிற்கும். அது புகை என்பதைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு அறிந்துகொள்ளும். இரவிலோ, எதிர்ப்புறத்து மலைச் சரிவில் யாரோ கார்த்திகை விளக்குகளை வரிசையாக ஏற்றி வைத்தாற்போல ஒரு நெருப்புக் கோடு மெல்ல மேலேறிக்கொண்டிருக்கும். விடுதிக்காரரைக் கேட்டால், "பைன் காடு எரிகிறது, ஆண்டுதோறும் உள்ளதுதான்" என்று சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில், ராணிகேத்தை அடுத்த ஒரு சிற்றூருக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. குளிர் இன்னும் நீங்கவில்லை. பாதையோரத்துப் பைன் காட்டில் நான்கைந்து பேர், உதிர்ந்து கிடந்த ஊசியிலைகளுக்குத் தாமே தீ வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் முதியவராக இருந்தவர் காட்டிலாகாவின் காவலர். காட்டைக் காக்க வேண்டியவரே காட்டுக்குக் கொள்ளி வைப்பதா என்று எனக்குத் திகைப்பு உண்டாயிற்று. என்னுடைய அரைகுறை இந்தியில் அதைக் கேட்டும் விட்டேன். அவர் சினம் கொள்ளவில்லை. முழங்கால் உயரங்கூட எழும்பாத அந்தத் தீயைக் கைத்தடியால் சுட்டிக் காட்டி, "இதை இன்று நான் வைக்கிறேன். வைக்காமல் விட்டால் ஜேட் மாதத்தில் அது தானாகவே வரும். அன்று அது என் சொல்லைக் கேளாது" என்றார்.

அந்த மறுமொழி என் மனத்தில் தங்கிவிட்டது. நெருப்பு நெடுமரத்துக்குப் பகையா, துணையா? மனிதன் தன் கையால், காலம் பார்த்து, அளவு பார்த்து வைக்கும் தீயினால் பெரிய மரங்களின் வளர்ச்சி குன்றுகிறதா, பெருகுகிறதா? இன்று நான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது இக்கேள்விக்கு அறிவியலார் கண்டிருக்கும் விடையையே.

முதலில் மரங்களைப் பற்றிச் சில சொற்கள். பைன், தேவதாரு, ஃபர் முதலியவற்றை ஊசியிலை மரங்கள் என்கிறோம். இவற்றின் இலைகள் ஊசி போலவோ செதில் போலவோ இருக்கும். விதைகள் கட்டை போன்ற கூம்புகளுக்குள் அடங்கியிருக்கும். பெரும்பாலானவற்றில் பிசின் உண்டு. கோடைக்கானலில் நம்மில் பலர் பார்த்திருக்கும் பைன் தோப்பு மனிதர் நட்டு வளர்த்தது. இமயத்திலோ இம்மரங்கள் தாமாகவே மலை மலையாகப் பரந்து நிற்கின்றன. ஆயினும், நெருப்புக்கும் ஊசியிலை மரத்துக்கும் உள்ள உறவு மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட இடங்களுள் தலையாயது அமெரிக்காவின் மேற்கே, கலிபோர்னியா மாநிலத்தில், ஸியரா நெவாடா மலைத்தொடரில் இருக்கிறது. அங்கே வளரும் மாபெரும் செக்வோயா மரமே நமக்கு முதல் சாட்சி. அதன் வாக்குமூலத்தைக் கேட்டுவிட்டுப் பிறகு இமயத்துக்குத் திரும்புவோம்.

இம்மரம் உலகில் இயற்கையாக வளரும் இடம் அம்மலைத்தொடரின் மேற்குச் சரிவு ஒன்றே. அங்கும் தொடர்ச்சியான காடாக இல்லாமல், எழுபதுக்கும் மேற்பட்ட தோப்புகளாகச் சிதறி நிற்கிறது. இவற்றுள் 'ஜெனரல் ஷெர்மன்' என்று பெயரிடப்பட்ட மரம், அடிமரத்தின் கன அளவால் உலகிலேயே பெரிய மரம். அதன் உயரம் ஏறத்தாழ 84 மீட்டர். நம் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தினும் உயரம் அதிகம். தரையருகே அதன் குறுக்களவு 11 மீட்டர். செக்வோயாக்களுள் சில 3,000 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருப்பதை அவற்றின் வளையங்களை எண்ணிக் கண்டிருக்கிறார்கள்.

இத்தனை நெடுங்காலம் வாழும் மரம் நெருப்பைக் காணாமல் வாழ்ந்திருக்க முடியாது. மின்னல் அடிக்கடி தாக்கும் மலை அது. அங்கு வாழ்ந்த தொல்குடி மக்களும் வேட்டைக்காகவும் உணவுச் செடிகளுக்காகவும் காட்டில் தீ வைத்து வந்தார்கள். ஆகவே, அம்மரத்தின் உடலமைப்பே நெருப்போடு வாழக் கற்றுக்கொண்ட உடலமைப்பாக இருக்கிறது. முதிர்ந்த மரத்தின் பட்டை இரண்டடிக் கனம் வரை இருப்பதுண்டு. அந்தப் பட்டையில் பிசின் மிகக் குறைவு. கீழ்க்கிளைகள் உதிர்ந்துவிடுவதால், தரையில் எரியும் தீ ஏணி போலப் பற்றி ஏறிக் கொண்டையை எட்டுவதும் அரிது.

விதைக்கும் அதே கதைதான். செக்வோயாவின் கூம்புகள் முதிர்ந்த பின்னும் உடனே திறப்பதில்லை. பசுமை மாறாமல் இருபது ஆண்டுகள் வரைகூட மரத்திலேயே மூடிக் கிடக்கும். கீழே தீ எரிந்து வெப்பக் காற்று மேலெழும்போது அவை உலர்ந்து, வாய் திறந்து, விதைகளைப் பொழிகின்றன. அணிலும் ஒருவகை வண்டின் புழுவும் சில கூம்புகளைத் திறப்பது உண்டு என்றாலும், பெருமளவில் விதை பொழியச் செய்வது நெருப்பே. அந்த விதையோ தினையரிசியைப் போன்ற எடையற்ற பொருள். இலைச் சருகு அடியடியாகக் குவிந்த தரையில் அது விழுந்தால் வேர் மண்ணைத் தொடுமுன் வாடிவிடும். சருகு எரிந்து, மண் வெளிப்பட்டு, வானம் தெரியும் இடத்தில் விழுந்தால்தான் முளை நிலைக்கும். விதையைத் தூவுவதும், பாத்தியைத் திருத்துவதும், வெயிலுக்கு வழிவிடுவதும் ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே நாளில் செய்து முடிக்கும் உழவன் நெருப்பு.

ஆனால் நம் கேள்வி, ஏற்கெனவே ஓங்கி வளர்ந்து நிற்கும் பெரிய மரத்தின் வளர்ச்சி பற்றியது. அதற்கு விடை மரத்தின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

குளிரும் கோடையும் மாறி மாறி வரும் நாடுகளில், மரம் ஆண்டுக்கொரு வளையமாகப் பருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். நல்ல ஆண்டில் வளையம் அகலமாகவும், வறண்ட ஆண்டில் குறுகலாகவும் அமையும். பட்டைக்கு உட்புறம் கேம்பியம் என்னும் மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. அதுதான் புதிய வளையத்தை உண்டாக்குவது. அந்தப் படலம் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால் இறந்துவிடும். தீ மரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் சுட்டுவிட்டால், அப்பகுதியில் வளையம் நின்றுபோகும்; இருபக்கத்திலுமிருந்து புதிய மரம் வளர்ந்து அந்தப் புண்ணை மெல்ல மூடும். எந்த வளையத்தில் வடு விழுந்திருக்கிறது என்று எண்ணினால், எந்த ஆண்டில் தீ வந்தது என்பது தெரிந்துவிடும். தாமஸ் ஸ்வெட்னம் என்னும் வளைய ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் இவ்வாறு செக்வோயாத் தோப்புகளின் தீ வரலாற்றை ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கி எழுதியிருக்கிறார்கள். முற்காலத்தில் ஒரு தோப்பு சில ஆண்டுகளுக்கொரு முறை, மிஞ்சினால் இருபது முப்பது ஆண்டுகளுக்கொரு முறை, எங்கேனும் ஓரிடத்தில் எரிந்துகொண்டே இருந்தது என்பதே அவ்வரலாற்றின் சாரம்.

அந்த ஏட்டில் ஓர் ஆண்டு தனித்து நிற்கிறது. 1297-ஆம் ஆண்டு. மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் அரசு செலுத்திய காலம் அது. அவ்வாண்டில் ஸியராவின் 'மௌண்டன் ஹோம்' தோப்பில் மிகக் கடுமையான தீ ஒன்று மூண்டது. தப்பிப் பிழைத்த செக்வோயாக்களின் வளையங்களைப் பார்த்தால், அத்தீக்குப் பின் பல மரங்கள் பல்லாண்டுக் காலம் முன்னிலும் வேகமாகப் பருத்திருப்பது தெரிகிறது. நமது காலத்தில் மனிதர் கட்டுப்பாட்டோடு வைத்த தீக்களுக்குப் பின்னும் இவ்வாறே. தீயைக் கண்ட செக்வோயாக்களின் வளையங்கள், தீயைக் காணாத மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கையில், பொதுவாக அகன்றே இருந்தன என்பதை ஆராய்ச்சியாளர் அளந்து கண்டார்கள்.

காரணம் என்ன? முதற்காரணம் நீர். பெரிய செக்வோயா ஒன்று கோடை நாளில் 2,000 லிட்டருக்கு மேல் நீர் பருகும். ஸியராவில் கோடையில் மழை அருமை. குளிர்காலத்துப் பனி உருகி மண்ணில் ஊறியதே ஆண்டு முழுவதற்கும் உணவு. பெரிய மரத்தின் காலடியில் நூற்றுக்கணக்கான ஃபர் கன்றுகள் நெருங்கி முளைத்துவிட்டால் அவை யாவும் அதே நீரைப் பங்கு கேட்கும். தீ அக்கன்றுகளை அழித்து, நீரைப் பெரிய மரத்துக்கு விடுவிக்கிறது. இரண்டாவது காரணம் உரம். சருகிலும் சுள்ளியிலும் சிறைப்பட்டிருந்த தாதுப் பொருள்கள் சாம்பலாகி மண்ணில் கலக்கின்றன. தழைச்சத்தில் ஒரு பகுதி புகையோடு போய்விடுவது உண்மைதான்; ஆயினும் எஞ்சியதில் ஒரு பகுதி வேர் உடனே பற்றக்கூடிய வடிவை அடைகிறது. மூன்றாவது காரணம் வெளிச்சம். நெருக்கம் குறையும்போது கொண்டைக்கு இடம் கிடைக்கிறது.

இவ்வளவையும் கேட்ட பின், நெருப்பே மரத்துக்கு எரு என்று எண்ணிவிடலாகாது. இங்குதான் கவனம் வேண்டும். தீயின் சூட்டில் இலைகள் பெருமளவு கருகிய மரம், உணவு சமைக்கும் உறுப்பை இழந்த மரம். அது முதல் ஓரிரு ஆண்டுகள் குறுகிய வளையமே இடும். மேல்மண்ணில் படர்ந்திருக்கும் நுண்வேர்கள் வெந்துபோனாலும் அவ்வாறே. இழப்பு முதலில் வருகிறது. ஆதாயம் பின்னால் வருகிறது. இழப்பு அளவு கடந்தால், ஆதாயம் வரும் வரை மரம் உயிரோடு இராது. இந்தக் கணக்கை நன்கு கவனித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டுத் தீ என்பதன் முழுக் கலையும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

இனி, மனிதன் செய்த பிழையைச் சொல்ல வேண்டும். 1890-இல் செக்வோயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. மரங்களைக் கோடரியினின்று காத்தவர்கள், நெருப்பினின்றும் காக்க விரும்பினார்கள். நல்ல எண்ணந்தான். அமெரிக்கக் காட்டிலாகா 1935-இல் ஒரு விதியையே வகுத்தது: எங்கே தீ தென்பட்டாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அதை அடக்கிவிட வேண்டும் என்பது அவ்விதி. தொல்குடி மக்கள் தீ வைப்பதும் அதற்கு முன்னரே நின்றுபோயிருந்தது. இவ்வாறாக ஏறக்குறைய நூறு ஆண்டுகள் தோப்புகள் தீயைக் காணவில்லை. தோப்பு செழிக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் கண்டது வேறு. செக்வோயாக் கன்றுகள் முளைப்பது அரிதாயிற்று. நிழலை விரும்பும் வெள்ளை ஃபர் மரங்கள் முள்வேலி போல் நெருங்கி வளர்ந்தன. சருகும் முறிந்த கிளையும் குவிந்தன. தரைக்கும் கொண்டைக்கும் இடையே இல்லாதிருந்த ஏணி தானாக உருவாயிற்று.

இதை எடுத்துச் சொன்னவர்கள் அந்நாளில் எளிதில் செவிசாய்க்கப்பெறவில்லை. ஹெரால்ட் வீவர் என்னும் காட்டதிகாரி பாண்டரோஸா பைன் காடுகளில் தீயின் பயனைப் பற்றி 1943-இலேயே எழுதினார். பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹெரால்ட் பிஸ்வெல் தாமே தீ வைத்துக் காட்டி மாணவர்களுக்குக் கற்பித்தார். 1960-களில் ரிச்சர்ட் ஹார்ட்ஸ்வெல்ட் என்னும் உயிரியலாளரும் அவருடைய துணைவர்களும் 'ரெட்வுட் மௌண்டன்' தோப்பில் சிறு நிலங்களை எரித்துச் சோதித்தபோது, எரிந்த மண்ணில் செக்வோயாக் கன்றுகள் முளைத்தன. 1963-இல் ஸ்டார்க்கர் லியோபோல்டு தலைமையில் அமைந்த குழுவும் ஸியராக் காடுகளின் இந்நிலையைச் சுட்டிக் காட்டியது. 1968 முதல் அப்பூங்காவில் கொள்கை மாறத் தொடங்கியது. அணைப்பதற்கென்றே இருந்தவர்கள், அளந்து எரிக்கவும் கற்றுக்கொண்டார்கள்.

எரிப்பது எவ்வாறு? காற்றின் வேகம், காற்றிலுள்ள ஈரம், சருகின் ஈரம், வெப்பம் ஆகியவற்றை அளந்து, அவை குறித்த எல்லைக்குள் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எரிக்க வேண்டிய நிலத்தைச் சுற்றிச் சருகை அகற்றி மண் தெரியும்படி கோடு கிழிக்கிறார்கள். தீயைச் சரிவின் உச்சியில் வைத்து, அது காற்றுக்கு எதிராக மெல்லக் கீழிறங்கும்படி செய்கிறார்கள். மேல்நோக்கி ஏறும் தீ குதிரை. கீழ்நோக்கி இறங்கும் தீ மாடு. உச்சிப் பட்டை எரிந்து தணிந்த பின் அடுத்த பட்டைக்குத் தீ வைப்பார்கள். எரிந்த பின்னும் நாள்கணக்கில் காவல் உண்டு.

இன்னொரு வேலையும் உண்டு. அது மிக முக்கியமானது. நூறாண்டுகள் தீயைக் காணாத முதிய பைன் மரத்தின் அடியில், உதிர்ந்த பட்டையும் ஊசியிலையும் மக்கி மேடாகக் குவிந்திருக்கும். மரத்தின் நுண்வேர்கள் அந்த மேட்டுக்குள்ளேயே புகுந்திருக்கும். இதில் தீப்பிடித்தால் சுடர் எழாது. பொற்கொல்லரின் உமித்தீயைப் போல் மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில், கனன்றுகொண்டே இருக்கும். பாய்ந்து செல்லும் சுடரைப் பொறுக்கும் தடித்த பட்டை, இந்த உமித்தீயின் நீடித்த சூட்டைப் பொறுக்காது. உள்ளே கேம்பியம் வெந்துவிடும். மரம் அன்றைக்குப் பச்சையாகத்தான் நிற்கும். ஓரிரு ஆண்டு கழித்து, பட்டை வண்டுகள் துளைக்க, மெல்லப் பட்டுப்போகும். சிறு மரங்கள் நெருப்பில் மடிவது எதிர்பார்த்ததே. ஆனால் காப்பதற்கென்று வைத்த மென்மையான தீயில் முந்நூறு ஆண்டு மரம் மடிந்தால், அதைவிடத் துயரம் வேறில்லை. ஆகவேதான், தீ வைக்குமுன் பெரிய மரங்களின் காலடியிலிருந்து அந்த மேட்டை வாரி அகற்றிவிடுகிறார்கள். நெடுநாள் பட்டினி கிடந்தவனுக்கு முதலில் கஞ்சி கொடுப்பது போல, நெடுநாள் தீயைக் காணாத காட்டுக்கு முதல் தீயை மிகுந்த பொறுமையோடு கொடுக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டும், எரிக்க முடிந்த பரப்பு எரிக்க வேண்டிய பரப்பில் ஒரு சிறு பகுதியே. புகையைக் குறித்து ஊரார் முறையீடு, ஆள் பற்றாக்குறை, தகுந்த நாள்கள் கிடைக்காமை எனத் தடைகள் பல. அதன் விலை 2020-இல் தெரிந்தது. அவ்வாண்டு மின்னலால் மூண்ட 'காஸில்' பெருந்தீயில் மட்டும் 7,500 முதல் 10,600 வரை பெரிய செக்வோயா மரங்கள் மடிந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மறு ஆண்டு, 2021-இல், வேறு இரு பெருந்தீக்களில் மேலும் ஏறத்தாழ 2,300 முதல் 3,600 வரை மரங்கள் மடிந்தன. ஸியராவிலிருந்த பெரிய செக்வோயாக்களுள் நூற்றுக்குப் பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை, இரண்டே ஆண்டுகளில் போயின. ஈராயிரம் ஆண்டுகளில் எத்தனையோ தீக்களைத் தாங்கிய மரங்கள் அவை. உலகு வெப்பமடைந்து வறட்சி கடுமையானதும், நூறாண்டுச் சருகு சேர்ந்து கிடந்ததும் ஒன்றுகூடியபோது அவற்றால் தாங்க முடியவில்லை. சில இடங்களில் கொண்டையோடு கூம்பும் எரிந்துபோனமையால், விதைக்கவும் தாய் மரம் மிஞ்சவில்லை.

அதே 2021-ஆம் ஆண்டுத் தீ, ஜெனரல் ஷெர்மன் நிற்கும் 'ஜயண்ட் ஃபாரஸ்ட்' தோப்பையும் நெருங்கியது. அம்மரத்தின் அடியைத் தீத்தாங்கும் உலோகப் படலத்தால் சுற்றி வைத்த படத்தை அந்நாளில் செய்தித்தாள்களில் நீங்கள் பார்த்திருக்கலாம். ஆனால் மரத்தைக் காத்ததில் பெரும்பங்கு அந்தப் படலத்துடையதன்று. அத்தோப்பில் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கட்டுப்பாட்டுத் தீ வைக்கப்பட்டிருந்தது. பெருந்தீ அங்கு வந்தபோது உண்பதற்குக் குறைவாகவே இருந்தது. வேகம் தணிந்து தரையோடு தவழ்ந்தது. 2022-இல் யோசெமிட்டிப் பூங்காவின் 'மரிபோஸா' தோப்பைத் தீ தாக்கியபோதும், முன்னரே எரித்துத் துப்புரவு செய்திருந்தமையால் பெரிய செக்வோயா ஒன்றுகூட மடியவில்லை. வளர்ச்சியைப் பெருக்குவது கட்டுப்பாட்டுத் தீயின் ஒரு பயன். வளர்ச்சி தொடர்வதற்கு மரத்தை உயிரோடு வைத்திருப்பது அதனினும் பெரிய பயன்.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. அதே 2022-இல், ஏப்ரல் மாதத்தில், நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் காட்டிலாகாவினர் வைத்த கட்டுப்பாட்டுத் தீ ஒன்று காற்றினால் கைமீறியது. குவியலாக எரித்த பழைய தீ ஒன்றின் கங்கிலிருந்து மூண்ட மற்றொரு தீயும் அதனோடு சேர்ந்துகொண்டது. மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ஏக்கர் எரிந்தது. அம்மாநிலத்தின் வரலாற்றிலேயே பெரிய தீ அது. வீடுகளை இழந்த மக்களிடம், காட்டின் நன்மைக்காக வைத்தோம் என்று சொல்லித் தேற்ற முடியுமா? நாடெங்கும் கட்டுப்பாட்டுத் தீ வைப்பதைச் சில மாதம் நிறுத்தி, விதிகளை மறுபடியும் ஆராய வேண்டியதாயிற்று. தீயை வைப்பவன் காற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கணக்குத் தவறினால் அதன் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

இனி, சொன்னபடி இமயத்துக்குத் திரும்புவோம். குமாவோன், கட்வால், இமாசலம் ஆகிய பகுதிகளில் நாம் காணும் பைன் மரத்துக்குச் சீட் என்றும் சீர் என்றும் பெயர். மூன்று மூன்றாகக் கூடிய நீண்ட ஊசியிலைகள் கோடை தொடங்கும்போது உதிர்ந்து, வழுக்கும் பழுப்புக் கம்பளமாகத் தரையை மூடுகின்றன. மலைமக்கள் அதைப் பிரூல் என்பார்கள். சீர் பைனும் நெருப்போடு பழகிய மரமே. முதிர்ந்த மரத்தின் பட்டை தடித்தது. இளங்கன்று மேலே கருகினாலும் அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும் ஆற்றல் உடையது. ஆகவே, குளிர் நீங்குமுன் ஈரம் இருக்கும்போதே பிரூலை எரித்துவிடும் முறை நம் காட்டிலாகாவிலும் நெடுங்காலமாக உண்டு. நான் கண்ட முதியவர் செய்துகொண்டிருந்தது அதையே.

இங்கும் ஒரு வரலாறு உண்டு. 1911 முதல் 1917 வரை ஆங்கில அரசு குமாவோனின் காடுகளை ஒதுக்கீட்டுக் காடுகளாக்கி, புல்லுக்காக மக்கள் தீ வைத்து வந்த வழக்கத்தைத் தடுத்தது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தடை வந்தது. 1921-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், மகர சங்கராந்தித் திருவிழாவில், கட்டாய வேலைக்கான பதிவேடுகளைப் பாகேசுவரத்து மக்கள் சரயு ஆற்றில் எறிந்தார்கள். அவ்வாண்டுக் கோடையில் குமாவோனின் பைன் காடுகள் பரவலாக எரிந்தன. தம்முடையது அன்று என்று ஆக்கப்பட்ட காட்டை அணைக்க ஊரார் ஓடி வரவில்லை. சிலர் தீயே வைத்தார்கள். கோவிந்த வல்லப பந்த் 1922-இல் குமாவோனின் காட்டுப் பிரச்சினை பற்றி ஒரு நூலே எழுதினார். 1931-இல் ஊர்க் காடுகளை ஊராரே காக்கும் வன பஞ்சாயத்து முறைக்கு விதிகள் ஏற்பட்டன. சட்டத்தினால் மட்டும் தீயை அடக்க முடியாது என்பது நமக்கும் அந்நாளிலேயே தெரிந்துவிட்டது.

ஆயினும் கலிபோர்னியாவின் பாடத்தை அப்படியே இங்குப் பெயர்த்து நடுவதற்கில்லை. சீர் பைனுக்கு அடுத்தாற்போல், ஈரமான சரிவுகளில் பாஞ்ஜ் என்னும் கருவாலி மரக்காடு இருக்கிறது. அதன் தழை கால்நடைக்குத் தீவனம். அதன் நிழலில் ஊற்று நிலைக்கிறது என்பது மலைப் பெண்களின் அனுபவம். பைன் பொறுக்கும் நெருப்பைக் கருவாலி பொறுப்பதில்லை. பைனின் நன்மைக்கென வைத்த தீ எல்லை கடந்தால் ஊற்றுக்குக் கேடாகும். மேலும், பிசின் வடிப்பதற்காகப் பட்டையைச் செதுக்கிய மரத்தில், அந்தப் புண்ணே திரியாகித் தீயை உள்ளே அழைத்துக்கொள்ளும். செக்வோயாவின் இரண்டடிப் பட்டைக்குப் பொருந்தும் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆகவே, எரிக்க வேண்டிய இடத்தில் எரிப்பதும், எரிக்கலாகாத இடத்தில் பிரூலை வாரி அகற்றுவதும் இரண்டும் வேண்டும். வாரிய பிரூலை எரிபொருள் கட்டிகளாக்கும் முயற்சிகள் உத்தராகண்டத்தில் நடந்து வருகின்றன. ஊராருக்கு அதில் கூலியும் கிடைக்குமானால் காட்டுக்குக் காவலும் கிடைக்கும்.

நேயர்களே, 2024-ஆம் ஆண்டுக் கோடையில் அல்மோராவை அடுத்த பின்சர் காட்டில் தீயை அணைக்கச் சென்ற காட்டிலாகா ஊழியர்கள் உயிரிழந்தார்கள். அச்செய்தியைப் படித்தபோது எனக்கு ராணிகேத்து முதியவரின் நினைவு வந்தது. அவர் கையில் இருந்தது ஒரு தடியும் ஒரு பிடி எரியும் சருகுமே. அந்தச் சிறு நெருப்பு ஒழுங்காக ஒவ்வோர் ஆண்டும் வைக்கப்பட்டால், அவர் போன்றவர்கள் ஜேட் மாதத்துப் பெருநெருப்பின் முன் வெறுங்கையோடு நிற்க வேண்டிய நாள்கள் குறையும்.

நம் பாட்டிமார் அடுப்பங்கரையில் அறிந்திருந்த செய்திதான் இது. அடுப்பில் அடங்கி எரிவதும் நெருப்பு. கூரையில் ஏறி எரிவதும் நெருப்பு. முன்னதைப் பேணத் தெரிந்தவர்களே பின்னதைத் தவிர்த்தார்கள். நாம் மலைக்கு விருந்தினராகச் செல்பவர்கள். அணையாத பீடித் துண்டையும் சமைத்த இடத்துக் கங்கையும் காட்டில் விட்டு வராதிருப்பது நம் முதற்கடமை. குளிர்காலத்தில் சிறு தீ ஒன்றைக் கண்டால், உடனே பழி கூறாமல், வைத்தவர் யார், எதற்காக வைத்தார் என்று நின்று கேட்பது அடுத்த கடமை.

நம் காலத்து வளையத்தையும் இம்மரங்கள் தம்முள் எழுதிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதை எண்ணிப் பார்ப்பவர்கள், இந்தத் தலைமுறையில் ஒரு சிறு வடுவையும், அதற்குப் பின் அகன்ற வளையங்களையும் காண்பார்களாக. எண்ணுவதற்கு மரமே இல்லாமற் போகும் நிலை அவர்களுக்கு நேராதிருக்கட்டும்.